நாற்பதின் வீட்டில் ஒன்பது

ஏழு மாதம் தாள்களுக்குள் நடந்து
இன்று காலை வந்து சேர்ந்தது குழல்.
சுவா சூ காங் சுடுதளம். ஆயுத அறை.
ஒரு பேனா நீளம்கூட இல்லை.
பேனா இவ்வளவு கனக்காது;
பேனாவுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை.

திரு தே கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உதட்டைக் கடித்தபடி நிற்கிறார்.
துப்பாக்கி அவருடையது. தொடுவது நான்.
நாற்பது தோட்டா விலையேறிவிட்டதாம்,
ஒன்பது மலிவாம், மணிக்கட்டுக்கும் இதமாம்.
அது அங்குலக் கணக்கு, இது மில்லிமீட்டர்;
நடுவே கிடப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர்.
"புதுசாவே ஒண்ணு வாங்கலாமே" என்றதற்கு
"இது கைக்குப் பழகிடுச்சு" என்றார்,
பழைய செருப்பைச் சொல்வது போல.

ஸ்லைடைக் கழற்றினேன். நாற்பதின் குழல்
துணிமேல் உருண்டு எண்ணெய்க் கோடு போட்டது.
புதியதற்கும் வெளிச்சுற்று அதே.
துளை மட்டும் சிறிது;
சுவர் தடித்த வீடு.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்:
சுழன்று சுழன்று போகும் வரிகள்,
தூரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு.
பொருத்தினேன். ஸ்லைடு முன்னால் போய்
டக் என்றது.
அந்தச் சத்தத்தில் பிழை இருந்தால் எனக்குத் தெரியும்.
இல்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு...
இழுத்து விட்டு, இழுத்து விட்டு எண்ணுகிறேன்.
திரு தே கண்ணாடியில் தட்டுகிறார்.
சீனத்தில் ஏதோ கேட்கிறார், நீளமாக.
இருபத்திரண்டு ஆண்டாக இதே தட்டல்.
எனக்குச் சீனம் தெரியாது என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
அவர் கண் என் முகத்தில் ஏறிப்
பெயர்ப்பட்டையில் இறங்கியது.
செண்பகவல்லி கோவிந்தராஜு.
மறுபடி முகம். மறுபடி பட்டை.

கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை வாசலில்
பதினோராவது நாள் கைமாறினேன்.
எட்டாவது பெண்ணை என்ன செய்வதென்று ஒருத்தி,
ஒன்றுகூட இல்லையே என்று இன்னொருத்தி.
காது குத்தும்போது
என்னைவிட அம்மாதான் அதிகம் அழுதாளாம்.
இதையெல்லாம் வேலை நேரத்தில்
யாரிடம் சொல்வது.

படிவத்தில் காலிபருக்கு ஒரே ஒரு கட்டம்.
தொலைபேசியில் இன்ஸ்பெக்டர் நோர்லிசா:
"எதை எழுதப் போறீங்க?"
ஸ்லைடின் விலாவில் ஆழமாய்ப் பொறித்தது நாற்பது.
கூடு தெறிக்கும் சாளரத்தில் எட்டிப் பார்ப்பது ஒன்பது.
"எது வெளியே வருதோ அதை."
"அப்போ அந்த நாற்பது?"
"அதுவும் இருக்கட்டும். சுரண்டினா இரும்புதான் மெலியும்."
கட்டத்துக்குள் இரண்டையும் நெருக்கி எழுதினேன்.
அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

பிறகு சிவப்பு நாடா. பெரிதாக ஒன்பது.
பழைய குழலுக்குத் தனிப் பை, தனிப் பூட்டு.
இரண்டு தோட்டாவும் ஒரே மேசையில் ஆகாது.
நாற்பதின் குழலில் ஒன்பதைப் போட்டால்
போகும்; பிடிமானமின்றித் தொளதொளக்கும்,
பித்தளை கிழியும்.
நுழைவது வேறு. பொருந்துவது வேறு.

பத்து முப்பத்தைந்துக்கு மின்னல் விளக்கு அணைந்தது.
கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருக்க
முதல் ஐந்து.
எங்காவது சிக்கிக்கொள்ளுமோ என்று
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.
சிக்கவில்லை.
ஈரச் சிமெண்டில் குனிந்து கூடுகளைப் பொறுக்கினேன்.
எதுவும் வீங்கவில்லை. வாய் வட்டமாக, சூடாக.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
திரு தே இன்னொன்றை எடுத்து நீட்டினார்,
எண்ணைச் சொல்லாமல்.
சீனத்தில் நாலுக்குச் சாவின் ஓசை.
அவ்வளவு சீனம் எனக்குத் தெரியும்.

"நாலு" என்றேன், அவருக்கும் சேர்த்து.

ஐந்தாவது வடிகாலோரம் கிடந்தது,
ஆவி பறக்க.